பரணில் கிடந்த யாஷிகா மேட் 124ஜி ஓடுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த தாத்தாவின் யாஷிகா மேட் 124ஜி கேமரா பரணிலிருந்து இறங்கியிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. லைட் மீட்டரின் முள் அசையவில்லை. மேல் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஏதோ தெரிகிறது. ரிப்பேருக்குக் கொடுப்பதா, விற்பதா, ஷோகேஸில் வைப்பதா?

நீங்கள் சொன்ன இரண்டையும் நான் குறையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்தக் கேமராவில் படம் பதிவதற்கு மேல் லென்ஸும் தேவையில்லை, மீட்டரும் தேவையில்லை. கவலைப்பட வேண்டியவை நீங்கள் சொல்லாத மூன்று விஷயங்கள்: மெதுவான ஷட்டர் ஸ்பீடுகள் சரியாக ஓடுகின்றனவா, கீழ் லென்ஸ் சுத்தமாக இருக்கிறதா, இரண்டு லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகின்றனவா. மூன்றையும் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல், ஃபிலிம் போடாமல், வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். அதற்குப் பிறகுதான் ரிப்பேரா விற்பனையா என்ற பேச்சு.

முதலில் ஒன்று. பின்கதவை இதுவரை திறக்கவில்லை என்றால், தயவுசெய்து இப்போதும் திறக்காதீர்கள். பக்கவாட்டில் உள்ள எண் சாளரத்தைப் பாருங்கள். கதவைத் திறந்தால் அந்த எண் ஆரம்பத்துக்குத் திரும்பிவிடும். அதில் 5, 7 என்று நடுவில் ஓர் எண் நின்றால் உள்ளே பாதி எடுத்த ரோல் இருக்க வாய்ப்புண்டு. ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கனமான போர்வைக்குள் கையை விட்டு, அடியில் உள்ள பூட்டைத் திருகித் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு உருளைக்கும் நடுவே காகிதம் தட்டுப்பட்டால் உடனே மூடிவிடுங்கள். அப்புறம் வெளியிலிருந்தே கைப்பிடியைச் சுற்றி, ரோல் முழுக்க மேல் உருளைக்குப் போனதும் எடுத்துக்கொள்ளலாம். கருப்பு வெள்ளை ரோலாக இருந்தால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஏதாவது உருவம் கிடைக்கலாம். கலர் ரோலாக இருந்தால் கலராகக் கழுவக் கொடுக்காமல் கருப்பு வெள்ளை மருந்தில் கழுவச் சொல்லுங்கள். நிறம் எப்படியும் போயிருக்கும், உருவமாவது மிஞ்சும்.

உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்துவிட்டதா? சரி, இனி சோதனைக்கு வருவோம். அதற்கு முன் இந்தக் கேமரா வேலை செய்யும் விதத்தை இரண்டு வரியில் சொன்னால் மற்றது எளிதாகப் புரியும். ஒரே பலகையில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ், இரண்டும் 80 மி.மீ. இடது பக்கக் குமிழைத் திருகினால் பலகை முழுவதும் முன்னும் பின்னும் நகரும். மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி 45 டிகிரி சாய்ந்த கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, தேய்த்த கண்ணாடித் திரையில் விழும். நீங்கள் குனிந்து பார்ப்பது அதைத்தான். கீழ் லென்ஸுக்குள் ஷட்டர் இருக்கிறது. ஃபிலிம் பார்ப்பது அதன் வழியாக மட்டும். ஒரு லென்ஸ் நமக்கு, ஒரு லென்ஸ் ஃபிலிமுக்கு. அதனால்தான் மேல் லென்ஸில் நீங்கள் பார்த்த சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தால் திரை கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். படத்தில் ஒரு புள்ளிகூட விழாது.

இப்போது ஷட்டர். வலது பக்கக் கைப்பிடியை நிற்கும் வரை முன்னால் சுற்றிவிட்டு, பழைய இடத்துக்குத் திருப்பி மடக்குங்கள். ஸ்பீடை 500இல், அதாவது செகண்டில் 500இல் ஒரு பங்கில் வைத்து அமுக்குங்கள். மெலிதாக ஒரு ‘டிக்’, அவ்வளவுதான் கேட்கும். இந்த வகைக் கேமராவில் படம் எடுக்கும்போது கண்ணாடி எழும்பாது. கல்யாண மேடைக்கு ஒரு முழம் தள்ளி நின்று எடுத்தாலும் நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்க்க மாட்டார். வேகமான ஸ்பீடுகள் எப்படியும் ஓடிவிடும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். ஒன்றில் வைத்து அமுக்கும்போதுதான் கேமராவின் வயது வெளியே வரும். ஒரு செகண்டு முழுக்க உள்ளே பொடிப் பற்சக்கரங்கள் ஓடும் ‘கிர்ர்ர்’ சத்தம் ஒரே சீராகக் கேட்டு, கடைசியில் ‘டிக்’கென்று முடிய வேண்டும். நடுவில் திக்கினால், இழுத்தால், ‘கிர்...’ என்று நின்றுபோனால், உள்ளே எண்ணெய் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷம் சும்மா கிடந்த கேமராவில் இது சகஜம். 30, 15, 8 என்று படிப்படியாக இறங்கி ஒவ்வொன்றிலும் பத்து முறை தட்டிப் பாருங்கள். பல சமயம் சோம்பல் முறித்த மாதிரி தானாகவே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் ரிப்பேர் செய்பவர் வேலை.

எக்காரணம் கொண்டும் எண்ணெய் விடாதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இருபது வயதில் மதுரையில் ஒரு ஸ்டூடியோவில் கையாளாக இருந்தபோது, முதலாளியின் கேமராவில் ஒரு செகண்டு திக்குகிறதே என்று தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டை ஷட்டர் ஓரத்தில் விட்டேன். அன்று சாயங்காலம் அருமையாக ஓடியது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் எண்ணெய் மெல்லப் பரவி ஷட்டர் இதழ்களுக்கு நடுவே போய், ஐந்தும் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டன. அதே வாரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். இந்த ஷட்டரின் இதழ்கள் எண்ணெயே இல்லாமல் காய்ந்து ஓட வேண்டியவை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாசச் சம்பளம் செலவானது.

அதே ரகத்தில் இன்னொரு எச்சரிக்கை. லென்ஸ் பக்கத்தில் செல்ஃப் டைமர் நெம்புகோல் இருக்கும், அதைத் தொடாதீர்கள். பழைய கேமராவில் முதலில் இறுகிப்போவது அதுதான். பாதியில் நின்றால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும். நன்றாக இருந்த கேமரா “சும்மா தட்டிப் பார்த்தேன்” என்ற ஒரே வார்த்தையில் படுத்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கீழ் லென்ஸ். பின்கதவைத் திறந்து வைத்து, ஸ்பீடை ‘பி’யில் (பட்டனை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) போட்டு, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை (எண் சிறிதானால் துளை பெரிது), 3.5க்கு முழுக்கத் திறந்து, பட்டனை அமுக்கிப் பிடியுங்கள். முன்னாலிருந்து சின்ன டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். தூசி தெரிந்தால் விட்டுவிடுங்கள், நாலு தூசி படத்தில் தெரியாது. ஓரத்தில் வேர் விட்ட மாதிரி ஓரிரு நரம்பு தெரிந்தாலும் பரவாயில்லை, வெயிலுக்கு எதிரே எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் வெளுக்கும். நடுவில் பஞ்சு மாதிரி அடர்ந்திருந்தால் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். பூஞ்சை ரொம்ப நாள் இருந்துவிட்டால் கண்ணாடியின் மேல் பூச்சையே தின்றுவிடும். துடைத்த பிறகும் தடம் நிற்கும்.

பூஞ்சைக்கு நம் ஊர் ஈரக்காற்று பாதி காரணம், மீதி அந்தத் தோல் கேஸ். கேமராவைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து எல்லோரும் அதற்குள்தான் பூட்டி வைப்பார்கள். தோல் ஈரத்தைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். கேஸை வெயிலில் காயப்போட்டு வேறு அலமாரியில் வையுங்கள். கேமராவைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நன்றாக மூடும் டப்பாவில் வையுங்கள். மேல் லென்ஸுக்குப் பின்னால் உள்ள சாய்வுக் கண்ணாடியைத் துணியால் துடைக்கும் ஆசை மட்டும் வேண்டாம். நம் வீட்டு முகக்கண்ணாடிக்கு ரசம் பின்னால். இதற்கு முன்னால். அழுத்தித் துடைத்தால் ரசம் துணியோடு வந்துவிடும்.

மூன்றாவது சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்கதவைத் திறந்து வைத்தபடி, ஃபிலிம் படியும் சதுரத்தில் பட்டர் பேப்பர் ஒரு துண்டை விறைப்பாக இழுத்து, உள்வரிசைத் தண்டவாளங்களின் மேல் ஒட்டுங்கள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, எதிர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்க்க வையுங்கள். ஷட்டரைப் ‘பி’யில் திறந்து பிடித்துக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டால், பட்டர் பேப்பரில் எதிர் வீடு தலைகீழாக, கலரில், உள்ளங்கை அகலத்துக்கு நிற்கும். காக்கை பறந்தால் அது தலைகீழாகப் பறக்கும். வேடிக்கை போதும் என்று தோன்றியதும் வேலைக்கு வாருங்கள். மேல் திரையில் ஜன்னல் கம்பி எப்போது கூர்மையாகிறதோ, அதே இடத்தில் பட்டர் பேப்பரிலும் கூர்மையாக வேண்டும். ஒன்றரை மீட்டரில் ஒரு செய்தித்தாளை வைத்தும் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உங்கள் கேமராவை யாரும் கழற்றிக் குழப்பவில்லை. ஒத்துப்போகவில்லை என்றால் எப்போதோ யாரோ ஒரு லென்ஸைத் திருகிக் கழற்றி, கண் மதிப்பில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். எடுத்த படமெல்லாம் ஏன் மங்கல் என்று புரியாமல் நல்ல கேமராவை விற்றவர்கள் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம். 124ஜியின் பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் இருக்க ஸ்பாஞ்ச் ஒட்டியிருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அது தார் மாதிரி பிசுபிசுப்பாகியிருக்கும். பல் குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, கருப்பு வெல்வெட்டை மெல்லிய நாடாவாக வெட்டி ஒட்டினால் தீர்ந்தது.

மீட்டர் கதைக்கு வருவோம். அது ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் பேட்டரிதான். 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைத்தது. அந்த ரகத்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் அசையும், ஆனால் கணக்குத் தப்பும். காது மெஷினுக்குப் போடும் 675 எண் பேட்டரி 1.4 வோல்ட், மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் பொருந்திவிடும். மேல் மூடியைத் திறந்தால் மீட்டர் ஆன் ஆகும், மூடினால் ஆஃப். பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுங்கள். அப்போதும் அசையவில்லையா, விட்டுத்தள்ளுங்கள். 124ஜியில் உள்ள ‘ஜி’ மீட்டர் சர்க்யூட்டின் தங்கமுலாம் பூசிய இணைப்புகளைக் குறிக்கிறது. கேமராவின் பெயரிலேயே ஏறியது அந்த மீட்டர், ஆனால் இத்தனை கேமராக்களில் முதலில் செத்ததும் அதுதான்.

மீட்டர் இல்லாமல் எடுக்க உங்கள் தாத்தா தலைமுறைக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. நல்ல வெயிலில் அப்பர்ச்சர் 16, ஸ்பீடு ஃபிலிம் டப்பாவில் போட்டிருக்கும் ஒளியுணர்வு எண்ணுக்குப் பக்கத்தில் உள்ளது. 400 ஃபிலிம் என்றால் 16இல் 500. மேகமூட்டம் என்றால் 8க்குத் திறங்கள். திண்ணையில் உட்கார்ந்த பாட்டியை எடுக்க 5.6இல் 250. கூடத்துக்குள் ஜன்னல் ஓரம் என்றால் 3.5இல் 30, சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூடவே, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுங்கள். நெகட்டிவ் ஃபிலிம் வெளிச்சம் கூடினால் மன்னிக்கும், குறைந்தால் மன்னிக்காது. போனில் இலவச லைட் மீட்டர் ஆப் இருக்கிறது, வீட்டுக்குள் எடுக்கும்போது நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

இந்தக் கேமராவின் வம்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை, விற்கலாமா என்று கேட்டீர்களே, அதற்காக. இதன் மூலவர் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ரோலிஃபிளெக்ஸ். பவுல் ஃபிராங்கே, ரைன்ஹோல்ட் ஹைடெக்கே என்ற இருவர் 1920இல் தொடங்கிய நிறுவனம் அதை 1929இல் வெளியிட்டது. பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா டெல்லியில் நேருவையும் விருந்தாளிகளையும் எடுத்ததும், சிகாகோவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே தெருவெல்லாம் படமெடுத்த விவியன் மேயர் கண்ணாடிகளுக்கு முன் நின்று தன்னையே எடுத்துக்கொண்டதும் ரோலிஃபிளெக்ஸில்தான். ஜப்பான் யாஷிகா அதே யோசனையைப் பாதி விலைக்கும் கீழே கொண்டுவந்தது. யாஷிகா மேட் 1957, 124 என்ற ரகம் 1968, உங்களுடையது 1970இல் வந்து 1986 வரை தயாரிப்பில் இருந்தது. 12 படத்துக்கு 120 ரோல், 24 படத்துக்கு 220 ரோல், இரண்டும் போடலாம் என்பதால் 124. ரோலியின் இழைப்பு இதில் இல்லை, கைப்பிடியைச் சுற்றும்போதே தெரியும். ஆனால் இதன் நாலு கண்ணாடி யாஷினான் லென்ஸை அப்பர்ச்சர் 8இல் வைத்து எடுத்த படத்தையும் ரோலி படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது எதென்று சொல்லச் சொன்னால் நான் பந்தயம் கட்ட மாட்டேன். விற்றால் ரோலிக்குக் கிடைக்கும் காசு இதற்குக் கிடைக்காது. ஓடாத 124ஜிக்கு அதிலும் கால்வாசிதான் கேட்பார்கள். சோதனை செய்யாமல் விற்றால் ‘ஓடாது’ என்ற விலைக்குத்தான் போகும்.

ஆகவே ஒரு ரோல் போட்டுப் பாருங்கள். ஊட்டி ஃபேக்டரியில் தயாரான ‘இந்து’ பிராண்டு ஃபிலிமின் காலம் போய்விட்டது. இன்று கோடாக், இல்ஃபோர்டு 120 ரோல்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன, விலை சுடும். முதல் ரோலுக்கு இல்ஃபோர்டு ஹெச்பி5 என்ற 400 எண் கருப்பு வெள்ளை ஃபிலிம் போதும். போடுவதற்கு முன் பின்கதவின் உள்பக்க அழுத்துப் பலகை 12இல் இருக்கிறதா பாருங்கள். 220 ரோலில் ஃபிலிமுக்குப் பின்னால் காகிதம் கிடையாது, அதனால் அதற்குப் பலகையின் இடம் வேறு. வெயிலில் நின்று போடாதீர்கள், குறைந்தபட்சம் முதுகைச் சூரியனுக்குக் காட்டி உங்கள் நிழலுக்குள் போடுங்கள். காலி உருளை மேலே, புது ரோல் கீழே. காகித நுனியை மேல் உருளையின் பிளவில் செருகி, காகிதத்தில் உள்ள அம்புக்குறி கேமராவின் தொடக்கக் குறிக்கு நேராக வரும் வரை மெதுவாகச் சுற்றி மூடுங்கள். பிறகு கைப்பிடி தானாக 1இல் நிற்கும்.

திரையில் இடது வலமாகத் தெரிவதுதான் முதல் நாள் படுத்தும். சைக்கிள்காரர் வலப்பக்கம் போனால் திரையில் இடப்பக்கம் போவார். நீங்கள் கேமராவைத் தவறான பக்கம் திருப்பி அவரைத் தொலைப்பீர்கள். மூன்று ரோலில் கை பழகிவிடும். இன்னொன்று, இரண்டு லென்ஸுக்கும் நடுவே சுமார் நாலு செ.மீ. இடைவெளி. தூரத்தில் இது ஒன்றுமில்லை, ஒரு மீட்டர் பக்கத்தில் வரும்போது நீங்கள் பார்த்ததைவிடக் கொஞ்சம் கீழே படம் விழும். தாத்தாவின் தலைப்பாகை நுனி வெட்டுப்பட்ட பழைய போட்டோக்களில் பாதிக்கு இதுதான் காரணம். தலைக்கு மேல் தாராளமாக இடம் விடுங்கள்.

பன்னிரண்டும் முடிந்ததும் கைப்பிடி இலகுவாகும் வரை சுற்றி, ரோலை எடுத்து, அதில் உள்ள காகிதப் பட்டையை எச்சில் தொட்டு இறுக்கி ஒட்டுங்கள். தளர்ந்தால் ஓரத்தில் ஒளி புகுந்துவிடும். கழுவக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே கழுவலாம், கருப்பு வெள்ளை கஷ்டமில்லை. ஹெச்பி5க்கு ஐடி-11 மருந்தில் 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் என்று போட்டிருக்கும். சித்திரையில் நம் குழாயில் வருவது முப்பதைத் தாண்டிய வெந்நீர். ஐஸ் கட்டி போட்ட அன்னக்கூடையில் ஃபிலிம் கழுவும் டேங்கை உட்கார வைத்து 24க்கு இறக்கினால் சுமார் ஐந்தரை நிமிஷத்தில் முடிந்துவிடும். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

அந்த முதல் ரோலில் அழகான படம் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி: எண், அப்பர்ச்சர், ஸ்பீடு, எவ்வளவு தூரம். ஒரே சுவரை 500, 250, 125, 60 என்று இறங்கி, வெளிச்சம் ஒரே அளவாக இருக்கும்படி அப்பர்ச்சரை மாற்றி மாற்றி எடுங்கள். நெகட்டிவ் நாலும் ஒரே கறுப்பாக இருந்தால் ஷட்டர் நேர்மையானது. படத்துக்குப் படம் இடைவெளி சீராக இருக்கிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறியிருந்தால் ஃபிலிமை நகர்த்தும் பற்சக்கரத்தில் தேய்மானம், அது கொஞ்சம் பெரிய வேலை. ரிப்பேருக்குப் போவதாக இருந்தால் கேமராவோடு அந்த நெகட்டிவையும் நோட்டையும் கொண்டுபோங்கள். “எல்லாம் பார்த்துக் கொடுங்க” என்று சொன்னால் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். “எட்டிலும் நாலிலும் இழுக்கிறது” என்று சொன்னால் அதை மட்டும் பார்ப்பார்கள்.